தீக்கு இரையான ஆலயங்களும் அவற்றின் மறுவாழ்வும்

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. மக்கள் வாழ்ந்த குடிசையிலும், கூடி வழிபட்ட கூடத்திலும், பிள்ளைகள் எழுத்துப் பழகிய திண்ணையிலும் அது எழுதப்பட்டுள்ளது. அரசர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் செப்பேடும் கல்வெட்டும் உண்டு. ஏட்டில் இடம் பெறாத எளிய மக்களுக்கோ அவர்கள் எழுப்பிய கட்டடமே ஏடாகும். ஆதலின் அத்தகைய கட்டடம் ஒன்று தீப்பற்றி எரியுமாயின், அம்மக்களின் சாட்சியமும் அதனோடு சேர்ந்து எரிகின்றது.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தீயினால் சேதமுற்ற பழைமையான ஆலயங்களை மீட்டெடுக்கும் பணி பற்றிய இக்கட்டுரையை மலருக்கு வழங்குகின்றேன். கல்விச் சங்க மலரில் கட்டடக் கதைக்கு என்ன வேலை என இளைஞர் சிலர் வினவக்கூடும். நம் சமுதாயத்தில் இந்துக்களும் உளர், கிறிஸ்தவர்களும் உளர். இக்கட்டுரை எந்த மதத்தின் பெருமையையும் பேச வந்ததன்று. நம் முன்னோர்க்கு ஜெபவீடும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதையும், அக்கூரைக்கு வைக்கப்பட்ட தீ எழுத்தறிவுக்கு வைக்கப்பட்ட தீயே என்பதையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டுவதே நோக்கம்.

மயிலாடியும் கல்குளமும்

நாஞ்சில் நாட்டின் மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். அவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். அப்பயணத்தின்போது தஞ்சையில் மிஷனரி கோலாப் ஐயரைச் சந்தித்துத் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய வேண்டுகோளின் விளைவாகவே இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார்.

ஆலயம் கட்டுவதற்கு அனுமதி எளிதில் கிட்டவில்லை. திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சி 1809ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்த பின்னரே, ரெசிடெண்டு மெக்காலேயின் துணையால் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் எழுப்பிய முதல் ஆலயம் அதுவே. பள்ளியும் அதனோடு பிறந்தது. 1816ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே இந்நாட்டை விட்டுச் சென்றபோது, தாம் நிறுவிய சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். 1818ஆம் ஆண்டு மீட் ஐயர் வரும் வரையில், பொதுச் சாலையில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த குலத்தில் பிறந்த ஒருவர், பல ஊர்ச் சபைகளைக் கட்டிக் காத்தார். நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். மிஷன் வரலாறு என்றவுடன் வெள்ளைக்காரப் பாதிரிமார்களின் பெயர்களே நாவில் வருகின்றன. அழைத்தவர் யார், காத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை மயிலாடியில் உள்ளது.

இனி நாம் வாழும் கல்குளம் வட்டத்துக்கு வருவோம். பத்மநாபபுரமும் உதயகிரியும் தக்கலையும் அடங்கிய இப்பகுதி தோள்சீலைப் போராட்டத்தின் முதன்மையான களங்களுள் ஒன்று. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணிந்து கொள்ள 1814ஆம் ஆண்டு கர்னல் மன்றோவின் ஆணை இடமளித்தது. அதனைப் பொறாத ஆதிக்கச் சாதியினர் 1822ஆம் ஆண்டில் கல்குளம் பகுதியில் பெண்களைத் தாக்கி, அவர்தம் உடையைக் கிழித்தனர். 1828ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் கலகம் மீண்டும் மூண்டது. அம்முறை சந்தைகளில் பெண்களை அவமதித்ததோடு கலகக்காரர் நிற்கவில்லை. ஜெபவீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தனர். 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரச விளம்பரமோ சாணார் குலப் பெண்கள் தோள்சீலை அணியலாகாது என்றே கூறியது.

மூன்றாம் முறையாக 1858ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கலகம் 1859ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நீடித்தது. சில திங்களுக்குள் ஒன்பது ஜெபவீடுகளும் மூன்று பள்ளிகளும் எரிக்கப்பட்டன என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னர், 1859 ஜூலை 26ஆம் நாள் சாணார் குலப் பெண்கள் மேலாடை அணியலாம் என்னும் விளம்பரம் வந்தது. ஆயினும் அவ்வுரிமை புலையர், சாம்பவர் பெண்களை எட்டவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் விளம்பரங்கள் 1853, 1855 ஆகிய ஆண்டுகளில் வந்தபோதிலும் அடிமைக் கோலம் உடலை விட்டு அகலவில்லை. கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915ஆம் ஆண்டு, அய்யன்காளியின் வழிகாட்டுதலில், புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலைகளை அறுத்தெறிந்த பின்னரே அவர்களுக்கு விடிவு பிறந்தது.

எரிக்கப்பட்ட ஜெபவீடுகள் பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்டவை. தீப்பந்தம் ஒன்று போதும். ஒரு நாழிகைக்குள் சாம்பலாகும். ஆனால் அவற்றை மீண்டும் எழுப்புவதற்கும் நெடுநாள் தேவைப்படவில்லை. பனங்கையும் ஓலையும் ஊரிலேயே கிடைத்தன; கைகளும் ஊரிலேயே இருந்தன. தலைமுறைகள் செல்லச் செல்ல மண்சுவர் கற்சுவராயிற்று, ஓலை ஓடாயிற்று. இன்று கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் ஓலை வேய்ந்த ஆலயத்தைக் காண்பது அரிது. தீ வைத்தவர் நினைத்தது நடக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. ஒன்பது ஜெபவீடுகள் என்னும் எண்ணிக்கை ஏடேறியது. அவற்றுக்கு மண் குழைத்தவர், மரம் அறுத்தவர், ஓலை முடைந்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் ஏடேறவில்லை. தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குச் சென்றால், கூரை இழந்து நிற்கும் சிற்றாலயத்தினுள் டச்சுத் தளபதி தெலனாயின் கல்லறையைக் காணலாம். குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்டவர்மரின் படைத் தலைவராகி, 1777ஆம் ஆண்டு மறைந்த அவருக்கு இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு. கூரை போயினும் பெயர் நிற்கிறது. அக்கோட்டைக்குக் கல் சுமந்த ஊழியக்காரர்க்குக் கல்வெட்டு இல்லை. இவ்வேறுபாட்டை உள்ளத்தில் இருத்திக்கொண்டு, எரிந்த ஆலயத்தை மீட்கும் முறையைக் காண்போம்.

தீ என்ன செய்கிறது?

கட்டடத்தின் ஒவ்வொரு பொருளும் தீயை ஒவ்வொரு விதமாக எதிர்கொள்கிறது. நம் மாவட்டத்து ஆலயங்களில் மிகுதியும் பயன்பட்டுள்ள கருங்கல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். கல் எரியாது என்று எண்ணுகின்றோம். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் படிகம் ஏறத்தாழ 573 பாகை செல்சியசு வெப்பத்தில் திடீரெனப் பருமன் கூடுகிறது. அதனால் கல்லினுள் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். காய்ந்து நிற்கும் அக்கல்லின் மீது குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் மேற்பரப்பு சில்லுச் சில்லாக உதிரும். சுண்ணாம்புக் கல்லோ 250, 300 பாகை அளவிலேயே, அதிலுள்ள இரும்புச் சத்தின் காரணமாக, இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும். அந்நிறத்தைக் கொண்டே தீயின் வெப்பம் எங்கு எவ்வளவு இருந்தது என்று பொறியாளர் கணிக்கின்றனர். 800 பாகைக்கு மேல் சென்றால் கல் நீறாகத் தொடங்கும்.

மரம் எரியும் பொருள்தான். ஆயினும் பருத்த உத்தரம் எளிதில் வீழ்வதில்லை. மேற்புறம் கரியாகும்போது அக்கரியே உள் வைரத்துக்குக் கவசமாகிறது. கனத்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் அளவே கரியாகிச் செல்லும். ஆதலின் தீயணைந்த மறுநாள் கரிய உத்தரங்களைக் கண்டு, யாவும் போயிற்று என்று வெட்டி எறிவது பெருந்தவறு. கரியைச் சுரண்டி, எஞ்சிய வைரம் பாரம் தாங்குமா என்று அளந்து பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

தீக்குப் பின் வரும் இரண்டாவது எதிரி நீர். தீயணைப்போர் பாய்ச்சிய நீரைச் சுவர்கள் உறிஞ்சி வைத்திருக்கும். அவை உலர மாதக்கணக்கில் ஆகும். தடித்த சுவராயின் ஆண்டுகளும் ஆகலாம். பொறுமையின்றிச் சிமெண்டுப் பூச்சை அடித்து மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பழைய சாந்தை அரித்துவிடும். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்பே மருந்து. சிப்பியைக் காளவாயில் சுட்டு நீற்றி, மணலோடு சேர்த்து இடித்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் கலந்து பக்குவப்படுத்திய சாந்து, சுவரை மூச்சுவிடச் செய்யும். எண்ணிப் பாருங்கள்: அச்சுண்ணாம்பே தீயிலே பிறந்ததுதான். அதனை இடித்துக் குழைத்த கைகளோ பெரும்பாலும் நம் தாய்மார்களின் கைகள்.

பாரிசு மாநகரின் ஆலயம்

நம் காலத்தில் உலகமே கண்ணுற்ற ஆலயத் தீ, பிரான்சு நாட்டுத் தலைநகரான பாரிசில் உள்ள நோத்ருதாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலையில் மூண்டதாகும். 1163ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய பேராலயம் அது. அதன் கூரையைத் தாங்கிய ஓக்கு மரச் சட்டங்கள் எண்ணூறு ஆண்டுப் பழைமை உடையவை. அவை மிகுதியாக இருந்தமையால் அக்கூரைப் பரண் காடு என்றே அழைக்கப்பட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தபோது காவலர் தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டமையால் ஏறத்தாழ அரைமணி நேரம் வீணாயிற்று. அதற்குள் காடு பற்றிக் கொண்டது. 1859ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கூரிய ஊசிக்கோபுரம் ஒன்றரை மணி நேரத்திற்குள் முறிந்து வீழ்ந்து, கீழிருந்த கல் வளைவு விதானத்தைத் துளைத்தது. பாரிசில் அக்கோபுரம் எழுந்த அதே ஆண்டில்தான் இங்கு நம் ஜெபவீடுகள் எரிந்து கொண்டிருந்தன என்பது காலத்தின் விந்தை.

மீட்புப் பணி எவ்வாறு நடைபெற்றது என்பதை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். முதற்கண் அவர்கள் எதையும் கட்டவில்லை. நிற்பதை வீழாமல் நிறுத்தினர். வெளிப்புறத்து உதை வளைவுகள் 28க்கும் மரச் சட்டங்கள் கொண்டு முட்டுக் கொடுத்தனர். தீக்கு முன்னரே பழுது பார்ப்பதற்காகக் கோபுரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புச் சாரம் வெப்பத்தில் உருகிப் பின்னிக் கிடந்தது. ஏறத்தாழ 40,000 குழாய்கள் கொண்ட அதனை அறுத்து அகற்றி முடிக்க 2020 நவம்பர் ஆயிற்று. கூரையிலும் கோபுரத்திலும் வேய்ந்திருந்த நூற்றுக்கணக்கான டன் ஈயம் உருகி நச்சுத் தூசியாய் எங்கும் படிந்திருந்தது. அதனைத் துடைத்தெடுத்தனர். ஏறத்தாழ 8,000 குழல்கள் கொண்ட பேரிசைக் கருவியைக் கழற்றித் துப்புரவாக்கினர். வீழ்ந்த கல்லையும் கரிந்த மரத்தையும் குப்பையாகக் கருதாமல், ஒவ்வொன்றையும் எண்ணிட்டு அடுக்கினர். அவற்றினின்று அக்காலத் தச்சரும் கொத்தரும் கையாண்ட முறைகளை அறிஞர்கள் புதிதாய்க் கற்றனர்.

பின்னர் ஏறத்தாழ 2,000 ஓக்கு மரங்கள் வெட்டப்பட்டன. நடுக்காலத்துக் கூரைப் பகுதிக்குரிய மரங்களைத் தச்சர்கள் கோடரியால் கையாலேயே செதுக்கினர். தலைமைக் கட்டடக் கலைஞர் பிலிப் வில்நேவ் முன்பிருந்த வடிவிலேயே கூரையும் கோபுரமும் எழ வேண்டும் என்று நின்றார். பணிக்குப் பொறுப்பேற்ற படைத் தளபதி ழான் லூயி ழோர்ழலென் 2023ஆம் ஆண்டு விபத்தில் இறந்தபோதும் வேலை தடைப்படவில்லை. 2024 டிசம்பர் 7ஆம் நாள் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய கூரையில், தீ கண்டவுடன் நீர்ப் பனி தூவும் அமைப்பும் சேர்க்கப்பட்டுள்ளது.

முன்பிருந்த வடிவு அவர்களுக்கு எவ்வாறு தெரிந்தது? விடை இதுவே: அளந்து வைத்திருந்தனர். கட்டடக் கலைஞர் இருவர் 2014ஆம் ஆண்டு அக்கூரைக் காட்டினுள் புகுந்து, ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து வரைந்திருந்தனர். ஆந்திரூ டேலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2010ஆம் ஆண்டில் லேசர் ஒளியால் ஆலயம் முழுவதையும் அளந்து பதிவு செய்திருந்தார். அவர் 2018ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஆலயம் எரிந்ததை அவர் காணவில்லை. அவர் அளந்த அளவுகளோ அதனை எழுப்ப உதவின. அன்று அவர்கள் வெறும் ஆர்வத்தால் செய்த வேலையே இன்று மறுவாழ்வுக்கு அடித்தளமாயிற்று.

இரு தீக்கள், இரு கொடைகள்

பாரிசு ஆலயத்துக்காக உலகின் 150 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 3,40,000 பேர் அளித்த கொடை 84 கோடி யூரோவைத் தாண்டியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே ஆண்டில், அதற்குச் சில நாள் முன்னர், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் மூன்று ஆலயங்கள் பத்து நாள் இடைவெளிக்குள் எரிக்கப்பட்டன. 2019 மார்ச்சு 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 4 ஆகிய நாட்களில் செயிண்டு லாண்டிரி வட்டாரத்தில் எரிந்த அம்மூன்றும் கறுப்பின மக்களின் ஆலயங்கள், நூறாண்டு கடந்தவை. தீ வைத்த இளைஞனுக்கு 2020ஆம் ஆண்டில் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவ்வாலயங்களுக்காகத் தொடங்கப்பட்ட நிதியில் முதலில் மிகக் குறைந்த தொகையே சேர்ந்தது. பாரிசு எரிந்தபின், அங்குச் செல்வர்கள் கோடிகளைக் குவிப்பதைக் கண்ட சிலர், எளியோர் ஆலயங்களை மறக்கலாமா என்று பொதுமக்களைக் கேட்டனர். அக்கேள்விக்குப் பின்னர் ஓரிரு நாட்களிலேயே அந்நிதி பத்து இலட்சம் டாலரைக் கடந்து, இறுதியில் இருபது இலட்சத்தையும் தாண்டியது. கேட்க ஆளிருந்தமையால் கிடைத்தது. ஒரு கட்டடம் பெருமை உடையது என்பதை அதன் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைப் பற்றி எழுதியவரும் பேசியவரும் தீர்மானிக்கின்றனர்.

நம் நாட்டிலும் 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டிலும் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் தலித், ஆதிவாசிக் கிறிஸ்தவர்களின் வீடுகளும் ஆலயங்களும் பெருமளவில் எரிக்கப்பட்டன. பாரிசு ஆலயத்தின் பெயர் அறிந்த நம் இளைஞருள் எத்தனை பேர் கந்தமாலின் பெயரை அறிவர்? வினாவை அவர்களிடமே விட்டுவிடுகின்றேன்.

எதனை மீட்பது, எதனை விடுப்பது?

எரிந்ததை அப்படியே திரும்பக் கட்டுவதுதான் மறுசீரமைப்பா என்பது அறிஞர்களிடையே நெடுநாளைய வழக்கு. இங்கிலாந்தின் யார்க்கு நகரப் பேராலயத்தின் தென்புறக் கூரை 1984 ஜூலை 9ஆம் நாள் எரிந்தது. மின்னல் தாக்கியதே காரணம் எனக் கருதப்படுகிறது. பழைய முறைப்படியே ஓக்கு மரத்தால் கூரை அமைத்து 1988ஆம் ஆண்டு பணி நிறைவுற்றது. ஆயினும் விதானத்தில் பொருத்திய புதிய குமிழ்ச் சிற்பங்களுள் ஆறினுக்கு, தொலைக்காட்சி நடத்திய போட்டியில் வென்ற சிறுவர் சிறுமியர் வரைந்த வடிவங்களை ஏற்றனர். பழைமையான ஆலயத்தில் தம் தலைமுறைக்கும் ஓர் இடம் ஒதுக்கினர்.

அதே நாட்டின் கவன்றி நகர ஆலயம் 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவில் குண்டுவீச்சால் எரிந்தது. அவர்கள் அதனைத் திரும்பக் கட்டவில்லை. கூரையற்ற சுவர்களை அப்படியே நிறுத்தி, அருகில் புதிய ஆலயம் எழுப்பி 1962ஆம் ஆண்டு திறந்தனர். கரிந்த உத்தரங்கள் இரண்டைச் சிலுவையாகக் கட்டி வைத்தனர். மறக்கலாகாத கொடுமையைப் பூசி மறைக்கலாகாது என்பது அவர்கள் கருத்து.

இதற்கு நம் அண்டையிலேயே அரிய சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து ஊருட்டம்பலத்தில் 1910களில் அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார். அச்சிறுமி அமர்ந்த பள்ளியைச் சாதி வெறியர் தீயிட்டனர். பள்ளி மீண்டும் எழுந்தது; அரசுப் பள்ளியாக வளர்ந்தது. அத்தீயில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அப்பள்ளியில் இன்றும் போற்றிக் காத்து வருகின்றனர். 2022ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. அந்தப் பெஞ்சைச் செப்பனிட்டு வார்னிசு பூசியிருந்தால், அஃது ஏனைய பெஞ்சுகளுள் ஒன்றாகி என்றோ விறகாகியிருக்கும். கரி படிந்தபடியே இருப்பதனாலன்றோ அது பாடம் நடத்துகிறது!

மீட்கவே கூடாத பழைமையும் உண்டு. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் உள்ள வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைக்க நடுவே தடுப்பு இருந்தது. 1910ஆம் ஆண்டு அத்தடுப்பு இடித்து அகற்றப்பட்டது. வழக்கு மன்றம் வரை எதிர்ப்புச் சென்றும் அது திரும்ப எழவில்லை. பழைய வரைபடத்தில் இருந்தது என்பதற்காக அத்தகைய சுவரை மீண்டும் கட்டுவார் உண்டோ? ஆதலின் மீட்பது எதனை, விடுப்பது எதனை என்று தெளிய வேண்டுமாயின், கட்டடக் கலை மட்டும் போதாது; வரலாற்று அறிவும் நீதி உணர்வும் வேண்டும்.

கட்டடம் திரும்பினும் திரும்பாதவை உண்டு என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் சான்று. 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரிக்கப்பட்ட அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். 2003ஆம் ஆண்டு முதல் மக்கள் பயன்பாட்டில் உள்ளது. படியெடுக்கப்படாத ஓலைச் சுவடிகள் போனவை போனவையே. சுவரை மீட்கலாம், படியில்லாத ஏட்டை மீட்க இயலாது.

நம் கடமை

மேற்கூறியவற்றினின்று நாம் கொள்ள வேண்டிய செயல்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, அளந்து வைத்தல். நம் ஊர்களில் உள்ள பழைய ஆலயம், அம்மன் கோவில், சமுதாயக் கூடம், இரவுப் பள்ளி ஆகிய ஒவ்வொன்றையும் மேனிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே அளக்கலாம். நாடாவும் கட்டமிட்ட தாளும் பென்சிலும் போதும். சுவரின் கனம், வாயிலின் அகலம், உத்தரத்தின் நீளம், கைமரங்களின் எண்ணிக்கை, மரத்தின் வகை தேக்கா, அயினியா, பனையா என்பன எல்லாம் குறிக்கப்பட வேண்டும். நான்கு புறமும் உள்ளும் புறமும் நிழற்படம் எடுத்தல் வேண்டும். கைப்பேசி இல்லாத இளைஞர் இன்று அரியர். கருவி கையில் இருக்கிறது, கருத்துத்தான் வேண்டும்.

இரண்டாவது, பெயர்களை எழுதுதல். எண்பது வயது கடந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உளர். இக்கூடத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது, சுமந்தவர் யார், பிடியரிசி சேர்த்த பாட்டிமார் யார் யார் என்று அவர்களைக் கேட்டு எழுத வேண்டும். நிதி ஈந்தவரின் பெயர் சலவைக் கல்லில் உள்ளது. உழைப்பை ஈந்தவரின் பெயர் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவு அணையும் முன் எழுதிவிடுதல் நம் தலைமுறையின் கடன்.

மூன்றாவது, ஆவணங்களைப் படியெடுத்தல். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னர்ப் படித்த தலைமுறையினர்க்கு அவ்வெழுத்து தெரியாது. தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றைத் தமிழில் பெயர்த்து எழுதுவித்தல் வேண்டும். பட்டா, சர்வே எண், திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றின் படிகள் ஒரே பெட்டியில் இருத்தலாகாது. கட்டடத்தில் ஒரு படி, வேறோர் இடத்தில் ஒரு படி, கணினியில் ஒரு படி என மூன்றிடத்தில் காத்தல் நன்று.

நான்காவது, தீ வருமுன் காத்தல். பழைய மின்கம்பிகளை ஆண்டுதோறும் சோதித்தல், விழாக்காலத்து அலங்கார விளக்குகளுக்குத் தனி இணைப்பு எடுத்தல், மெழுகுவர்த்தியும் குத்துவிளக்கும் எரியும் இடத்தினின்று திரைச்சீலையை விலக்குதல், மணலும் நீரும் அணைப்பானும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. பாரிசில் வீணான அரைமணி நேரத்தை நினைவிற் கொள்க. கருவி இருந்தும், ஓட வேண்டிய இடம் எதுவெனக் காவலர்க்குத் தெரியாமற் போயிற்று.

முடிவுரை

1859ஆம் ஆண்டில் எரிந்த கூடங்களை மீண்டும் எழுப்பிய முன்னோர்க்கு வரைபடம் இல்லை, பொறியாளர் இல்லை, உலகக் கொடை இல்லை. தம் கைகளையும் தமக்குள்ள ஒற்றுமையையும் நம்பி எழுப்பினர். எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தமையால் தம் பெயரை எழுதி வைக்கவும் இயலாது போயினர். அவர்தம் பேரன் பேத்தியர் இன்று பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் விளங்குகின்றனர். எழுதாமைக்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது, நமக்கு இல்லை.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே, ஊருக்கு இருவராக இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, ஓர் ஊருக்கு ஒரு கட்டடம் என்னும் அளவிலேனும் அளக்கவும் எழுதவும் தொடங்குமாறு சங்க உறுப்பினர்களை அன்புடன் வேண்டுகின்றேன். அத்தொகுப்பு நம் சங்க நூலகத்தில் ஒரு நிலைப்பேழை அளவுக்கு வளருமாயின், பொன்விழா மலருக்குக் கட்டுரை எழுத வருபவர், எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்த வேண்டிய நிலை இராது, பெயர்களையும் எழுதுவார்.